கல்பென்டைன் என்று தட்டிப் பாருங்கள்

இலங்கையின் கற்பிட்டிக்காரர் ஒருவர் நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தம் ஊர்ப் பெயரை இன்றைய எழுத்தில் தட்டினால் பெரிதாக ஒன்றும் சிக்காது. ஒல்லாந்தர் எழுதியபடி ‘கல்பென்டைன்’ என்று தட்ட வேண்டும். அதிலும் ஒரு கூத்து உண்டு. கடைசி அசைக்கு ஒரு எழுத்தர் ‘ஐ’யும் ‘ஜே’யும் சேர்த்திருப்பார்; இன்னொருவர் வெறும் ‘ஒய்’ போட்டிருப்பார். இரண்டையும் போட்டுப் பார்க்கப் பொறுமை உள்ளவருக்குத்தான் கோட்டைக் கதவு திறக்கும்.

புதிதாகத் தேட வருகிறவர் முதலில் மூத்தவாப்பாவின் பெயரைத்தான் தட்டுவார். இந்தக் கரையில் அது அநேகமாக வீண் வேலை. தகப்பன் பெயரே முதலெழுத்தாக நிற்கும் வழக்கத்தில், தலைமுறைக்கொரு முறை பெயர் மாறிவிடுகிறது. சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கருக்கோ எதிர்ச் சிக்கல். பெர்னாந்து என்று தட்டினால் கரைவலை இழுத்த மாதிரி தூத்துக்குடி வரைக்கும் உள்ளதெல்லாம் மடியில் வந்து விழும். தேர்ந்தவர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் நிற்கும் வர்ணகுலசூரிய, மிஹிந்துகுலசூரிய போன்ற குலப்பெயரைப் பிடிக்கிறார்கள். ‘லெப்பை’யும் ‘மரைக்காய’ரும் படும் பாடு தனி. மரைக்கார், மரிக்கார், மார்க்கார் என்று எழுதியவர் காதில் விழுந்தபடியெல்லாம் அவர்கள் ஏட்டில் ஏறியிருக்கிறார்கள்.

ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் ஆட்கள் வரிசையாக நிற்பதில்லை, அலுவலகங்கள்தான் நிற்கின்றன. நம் பாட்டனின் பெயரை எழுதிவைக்க வேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்று யோசிப்பதில்தான் இந்தக் கலையின் ருசி இருக்கிறது. வரி வாங்கியவனுக்கு இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்தவனுக்கு இருந்தது. சம்பளம் கொடுத்த பட்டாளத்துக்கும் இருந்தது.

தோம்பு என்ற பதிவேடு பிறந்தது அப்படித்தான். ஒல்லாந்தர் காலத்துத் தலைத்தோம்பில் குடும்பத் தலைவன், மனைவி மக்கள், செய்ய வேண்டிய ஊழியம். காணித்தோம்பில் நிலமும் அதிலுள்ள மரங்களும். எண்ணியவன் வரிக்காக எண்ணினான். இன்று அது குடும்ப மரமாகத் தெரிகிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஏடுகளில் இலங்கைப் பகுதி கொழும்பில் தேசிய சுவடிகூடத்தில் இருக்கிறது. 1640 முதல் 1796 வரையான அந்தத் தொகுதிக்கு யூரியான்சே அம்மையார் தொகுத்து 1943இல் வெளிவந்த பட்டியல் இன்றும் கையை விட்டு இறங்குவதில்லை. ஐந்து நாடுகளில் சிதறிக் கிடக்கும் கம்பனி ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஹேக் நகரில் நெதர்லாந்து காப்பகத்திலுள்ள தொகுதியின் இலக்கம் 1.04.02. அதிலிருந்து ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களின் கையெழுத்தைக் கணினியே படித்து, ‘குளோபலைஸ்’ என்ற திட்டத்தின் வழியாகத் தேடக்கூடியதாக்கியிருக்கிறார்கள். கணினியும் எழுத்தரைப் போலத்தான், ஓரெழுத்தை மாற்றிப் படித்துவிடும். நடுவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவது நல்லது.

வரலாறு தெரியாமல் தேடுகிறவர் தவறான கடையில் நின்று பேரம் பேசுவார். கற்பிட்டி 1659இலேயே ஒல்லாந்தர் கைக்குப் போனது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் புத்தளமோ கண்டி அரசனின் துறையாக இருந்தது. கரையோரம் முழுவதையும் அவன் விட்டுக்கொடுத்தது 1766 உடன்படிக்கையில். அதற்கு முந்திய புத்தளத்துக் குடும்பத்தைக் கம்பனியின் குடிக்கணக்கில் எதிர்பார்க்க முடியாது. புத்தளம் களப்பின் இக்கரைக்கும் அக்கரைக்கும் காகித வளம் இவ்வளவு வித்தியாசப்படுவதற்கு இதுதான் காரணம்.

பெயர் விளையாட்டுக்கு இந்த மண்ணிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் ‘சிலோன் கசெட்டியர்’ எழுதினார், 1859இல் ‘தமிழ் புளூட்டார்க்’ வெளியிட்டார், சட்டசபையிலும் இருந்தார். இவ்வளவு பிரபலமானவரின் பெயரே ஆங்கிலப் பட்டியல்களில் ஒரே மாதிரி இல்லை. காசியின் முதலெழுத்து ஓரிடத்தில் ‘சி’, ஓரிடத்தில் ‘கே’. செட்டிக்குள் ஓரிடத்தில் ‘இ’, ஓரிடத்தில் ‘ஐ’. அவருக்கே இந்தக் கதியென்றால், உப்பளத்தில் நின்ற கூலிக்காரரின் பெயர் என்ன பாடுபட்டிருக்கும்!

புத்தளத்துக்குக் கிட்ட சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் மூதாதையரில் பலர் பிரித்தானியரின் பட்டாளத்தில் இருந்தவர்கள். அவர்களுக்குப் பாதை லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டபிள்யூ.ஓ. 12’ என்ற தொடர், அதாவது சம்பளப் பட்டியல். அவர்கள் பாடும் ‘மஞ்சா’ பாட்டில் மிஞ்சியிருப்பது ஒரு நினைவு; பட்டாளக் கணக்கில் மிஞ்சியிருப்பது வேறொன்று.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் காவின் என்ற திருமணப் பதிவும் அங்கேயே நின்றுவிட்ட வீடுகள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகள் தேடும்போது வம்சப் பெருமை இரண்டாம் பட்சம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தில் பள்ளிக்கூட ஆண்டு மலர்களையும் பழைய பத்திரிகைகளையும் புரட்டினால், ஒரு பரிசளிப்பு விழாப் பட்டியலில் வாப்பாவின் பெயர் அகப்படலாம். முத்திரை குத்திய சான்றிதழ் இல்லைதான். என்றாலும் அந்த வருடம் அந்த வகுப்பில் அவர் இருந்தார் என்பதற்கு அச்சான சாட்சி.

இணையத்தில் ஏறாதது இன்னும் நிறைய இருக்கிறது. தமிழில் செபம் சொன்ன பாட்டியின் வீட்டில் பேரன் சிங்களம் மட்டும் பேசுவது சிலாபக் கரையில் சாதாரணம். பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் போகிறவருக்குக் கோயில் அலுவலகத்தில் கிடைக்கும் தேடுபொறி பங்குத்தந்தையும் அவர் இடுப்புச் சாவிக்கொத்தும்தான். பழைய பதிவேட்டை அவர் மேசையில் விரித்து வைத்தபிறகு, அதைப் படித்துச் சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடி இன்னொரு சுற்று நடக்க வேண்டியிருக்கும்.