கரண்ட் போனால் ஃபைபரும் போகும்

ஃபைபரின் வேகத்தைப் பற்றி இனிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 100 எம்பிபிஎஸ் என்றால் என்ன, மாதத்துக்கு எத்தனை ஜிபி, இரவு டேட்டா தனியா என்பதெல்லாம் மொனராகலை டவுனில் எல்லோருக்கும் மனப்பாடம். பழைய ஏடிஎஸ்எல் இணைப்பு எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீற்றர் தள்ளிப்போனாலே படுத்துவிடும். ஃபைபர் 20 கிலோமீற்றர் வரை தளராமல் வரும். வீடுகள் மலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் ஊவாவுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் சில வாரம் வீட்டில் வைத்துப் பாவித்தால், மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளும் ஒரு குறை தெரியவரும். கரண்ட் போன அதே நொடியில் இணையமும் போகிறது, கூடவே வீட்டுத் தொலைபேசியும் செத்துவிடுகிறது. எந்த பெக்கேஜ் எடுப்பது என்று யோசிக்கும் முன் இதற்கு வழி பார்த்துவிட வேண்டும்.

செப்புக் கம்பிக்கு இந்தக் குறை இருக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்த பெட்டரியே கம்பி வழியாக 48 வோல்ட் அனுப்பியது. ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. கண்ணாடி இழை ஒளியைக் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. அந்த ஒளியை வீட்டில் இணையமாக மாற்றும் ஓஎன்டி பெட்டி வீட்டு பிளக்கை நம்பித்தான் இருக்கிறது. கொழும்பில் இது ஒரு சிரமம், அவ்வளவுதான். இங்கே மரத்தை மின்கம்பியில் சாய்க்கும் மழையே மலையையும் இளக்குகிறது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையைப் புதைத்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்து பதுளை மாவட்டத்தைச் சிதைத்ததும் அந்த மாதிரி மழைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கவும், அவசர எண்களான 117 க்கோ 1990 க்கோ அழைக்கவும் வேண்டிய இரவு, லைட் எரியாத இரவாகவே இருக்கும். மழை இல்லாமலும் இருண்டிருக்கிறோம்: 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும்.

இத்தனைக்கும் இந்தக் குறை தீர்க்க முடியாததல்ல. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே, ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் பெட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். ஆகவே வீட்டில் பத்து வாட்ஸ் அளவு கொடுக்க முடிந்தால் இணைப்பு உயிரோடு இருக்கும். கம்ப்யூட்டர் யூபிஎஸ் வேண்டாம். அது பெட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக உயர்த்தி, அடப்டர் அதை மறுபடி 12 ஆக இறக்கி, கணிசமான பங்கை வழியிலேயே சூடாக வீணடிக்கும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன டிசி யூபிஎஸ் போதும். அதன் பெட்டியில் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாக எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கானது. பெருக்கினால் 37 வாட்-மணி. பத்து வாட்ஸ் இழுக்கும் ஓஎன்டிக்கு மூன்று மணித்தியாலம் தாண்டினால் நல்லது. இரவு முழுக்க வேண்டுமென்றால் அதற்கு மூன்று மடங்கு பெரியதாக வாங்க வேண்டும். ஓஎன்டியின் அடப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதா, எத்தனை அம்பியர் என்பதைப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். வோல்ட் கூடினால் பெட்டி எரிந்துவிடலாம். ரவுட்டர் தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். டிவி பெட்டியை இதில் சேர்க்கவே கூடாது.

கையில் போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். போன் டவரை நம்பியிருக்கிறது, டவரும் கரண்டை நம்பித்தான் இருக்கிறது. அதன் பெட்டரி சில மணித்தியாலம் தாங்கும். அதன்பின் டீசல் போக வேண்டும், மலையேறும் பாதை சரிந்திருந்தால் டீசலும் போகாது. 2025 ஜூலையில் இங்கே தொடங்கிய ஸ்டார்லிங்க் எந்தக் கம்பத்தையும் நம்பியில்லை என்பது உண்மை. ஆனால் அதன் சாதாரண டிஷ் 75 வாட்ஸ் அளவில் இழுக்கும்; அதைப் பெட்டரியில் ஓட்டுவது வேறு செலவு. இன்னும் வலுவான கேள்வி, மரம் விழுந்தால் ஃபைபரும் அறுந்துபோகாதா என்பது. அறுந்துபோகும். அப்போது ஓஎன்டியில் லொஸ் லைட் சிவப்பாக மின்னும், எந்த யூபிஎஸ்ஸும் உதவாது, இழையை ஒட்ட ஆள் வந்தாக வேண்டும். அதற்காக வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் இழை அறுவது எப்போதாவது, கரண்ட் போவது அடிக்கடி. எப்போதாவது வருவதைத் தடுக்க முடியாது என்பதற்காக அடிக்கடி வருவதை விட்டுவிடலாமா?

இந்த ஏற்பாட்டில் எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் இடி. செப்புக் கம்பி வழியாக மின்னல் வந்து ரவுட்டரைக் கருக்குவது இந்தப் பக்கம் பழகிப்போன நட்டம். கண்ணாடியில் மின்னல் ஓடாது. மிஞ்சுவது பிளக் வழி மட்டும். வானம் கறுத்ததும் யூபிஎஸ்ஸைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டால் அந்த வழியும் அடைபடும், இணையம் நிற்காது. இணைக்க வருபவரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கேபிளைத் தாங்கிவரும் இரும்புக் கம்பி வெளிச்சுவர்க் கொக்கியோடு நிற்கட்டும், வீட்டுக்குள் இழை மட்டும் வரட்டும்.

இந்தப் பெட்டரியை வீட்டுக்காரர் ஏன் வாங்க வேண்டும் என்பதுதான் கடைசிக் கேள்வி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானதே 2024 இல்தான். லயத்தில் பிள்ளையின் படிப்புக்காக ஃபைபர் எடுக்கும் குடும்பத்துக்கு யூபிஎஸ் சில நாள் சம்பளம். பிரித்தானியாவில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஒஃப்கொம் 2018 இல் வழிகாட்டல் தந்தது: வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவருக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணித்தியாலம் அவசர எண்ணை அழைக்க நிறுவனமே வழி செய்து தர வேண்டும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2015 இல், 8 மணித்தியால பெட்டரியை வாடிக்கையாளருக்கு விற்க நிறுவனங்கள் முன்வர வேண்டும் என்று விதித்தது. செப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் கொடுக்கும்போது, கம்பியோடு இலவசமாக வந்த மின்சாரத்தையும் நிறுவனம் எடுத்துக்கொண்டு போகிறது. எடுத்ததைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு உண்டு. மண்சரிவு அபாய வலயமென்று அடையாளமிட்ட பிரதேசங்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.