சூசையப்பருக்குப் பிசிர் எடுக்கிறவன்

கோணான்குப்பம் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் இதை மடித்து வைத்துவிட்டு முதலில் விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறுங்கள். பெரியநாயகி மாதாவைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்!

நான் பெயருக்குத்தான் கிறிஸ்தவன். கிறிஸ்துமஸ் பிரியாணியோடு என் பக்தி முடிந்துவிடும். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் அகல் விளக்கும் பொம்மையும் வார்க்கிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன், அடைமழையில், கார்த்திகை ஆர்டருக்கு அவசரப்பட்டு ஈரம் காயாத சரக்கைச் சூளையில் அடுக்கிவிட்டேன். உள்ளே நிற்கிற தண்ணீர் ஆவியாகிச் சரக்கை வெடிக்கவைக்கும் என்று தெரியாதவனா நான்? திறந்தால் சூளை முழுக்கச் சில்லு. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. தூக்கம் போயிற்று. மண்ணைக் கரைத்து ஊற்றி, உடைந்ததை அள்ளிக் கொட்டி, என்ன பொழப்பு இது என்று ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஓடும்.

ஜனவரியில் கோணான்குப்பத்தில் திருவிழா. கூட வேலை பார்க்கிற அக்கா, "தம்பி, மாதா கோயிலுக்கு வேன் போவுது. ஒரு ஆளு கொறையுது, வந்துடு" என்றார். ஆன்மிக அழைப்பெல்லாம் இல்லை, வேன் வாடகைக்கு ஆள் தேடினார்!

அந்தக் கூட்டத்தில் மாதாவைப் பார்த்தேன். நம் வீட்டுப் பெண்போலச் சேலை, கையில் குழந்தை. கோயிலை எழுப்பியவர் 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710-ல் இந்தியா வந்த வீரமாமுனிவர். விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்றுதான் பெயர். அதே பெயரை மாதாவுக்கும் வைக்கிற அளவுக்கு அந்த மனிதர் இந்த மண்ணில் ஊறியிருக்கிறார்!

பிரசங்கத்தில் சாமியார், வீரமாமுனிவர் எழுதிய தேம்பாவணி பற்றிச் சொன்னார். 3 காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கணக்குதான், கொட்டாவி வந்தது. அடுத்து அவர் சொன்னதில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவ்வளவும் யாரைப் பற்றி? ஒரு தச்சரைப் பற்றி, இயேசுவை வளர்த்த சூசையப்பரைப் பற்றி! தாவீது ராஜா வம்சம்தான், ஆனால் பிழைப்பு உளியும் இழைப்புளியும். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லையாம். கனவில் தேவதூதர் சொன்னதைக் கேட்டார், எழுந்தார், செய்தார். வாயே திறக்காத ஒரு கைவேலைக்காரருக்கு ஒரு காப்பியம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் அக்கா முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

அன்று ராத்திரி வேனிலேயே தூங்கிப்போனேன். எத்தனை மாதத் தூக்கமோ! அற்புதம் என்று நான் அடித்துச் சொல்வது இதைத்தான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

இப்போது ஞாயிறு பூசை தவறுவதில்லை. காலையில் மோல்டைக் கட்டும்போது சிலுவை போட்டுக்கொள்கிறேன். கரைத்த மண்ணை ஊற்றினால் பிளாஸ்டர் மோல்டு தண்ணீரைக் குடிக்கும், ஓரத்தில் மண் தோல்போல இறுகும், மீதியைக் கவிழ்த்து எடுக்க வேண்டும். முன்பெல்லாம் இந்தக் காத்திருப்பில் போனை நோண்டுவேன். இப்போது அருள் நிறைந்த மரியே சொல்கிறேன். மழை நாளில் சரக்கு இரண்டு நாள் கூடுதலாகக் காயட்டும் என்று முதலாளியிடமே சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் குடில் ஆர்டர் வந்தால் ஒரே நிபந்தனை. ராஜாக்களையும் ஒட்டகத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். சூசையப்பர் மட்டும் எனக்கு. இரண்டு பாதி மோல்டு சேருகிற கோட்டில் நிற்கும் பிசிர் சரியாக அவர் கைவிரல் மேலே வரும். கத்தி வைத்தால் விரல் போய்விடும், ஈர ஸ்பாஞ்சால்தான் தடவ வேண்டும். "ஒரு பொம்மைக்கு இவ்ளோ நேரமா தம்பி?" என்று அக்கா சலித்துக்கொள்வார்.