குடியிருந்தோர் கூறிய குறை: ஹிப் ஹொப்பும் கட்டடக்கலைக் கல்வியும்

நூலொன்றைப் படிப்போர் அதனை விரும்பாவிடின் மூடிவைத்துவிடலாம். நாடகத்தைப் பார்ப்போர் இடையில் எழுந்து சென்றுவிடலாம். பிறர் வரைந்தளித்த வீட்டிலே குடியிருப்போர்க்கு இவ்வுரிமை எளிதில் வாய்ப்பதில்லை. வேறு வீடு தேட வசதியற்றோர்க்கு அறவே வாய்ப்பதில்லை. அவ்வாறிருந்தும், தன்னைத் துய்ப்போரின் குறைகூறலுக்கு மிகக் குறைந்த இடமளித்து வந்த கலை கட்டடக்கலையே எனலாம். கட்டடத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் பிற கட்டடக் கலைஞர். மதிப்பிடுங் காலமும் பெரும்பாலும் மக்கள் குடிபுகுதற்கு முந்திய காலம். கட்டடக்கலைப் பள்ளிகளில் மாணவர் தம் வரைபடங்களைச் சுவரிலே தொங்கவிட்டு நிற்க, ஆசிரியர் குழுவினர் அவற்றை ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவர். வரைபடத்திலுள்ள வீட்டிலே வாழப்போகின்றவர் அவ்வவையில் இருப்பதில்லை.

இக்குறையை நினைவிற்கொண்டே அமெரிக்கக் கட்டடக்கலைக் கல்வியில் அண்மையிலே தோன்றிய ஓர் இயக்கத்தை நோக்குதல் வேண்டும். யமேக்காவிற் பிறந்து அமெரிக்காவிற் பயின்று பேராசிரியராய் விளங்கும் செக்கூ குக் என்பார் 2021 ஆம் ஆண்டில் ‘ஹிப் ஹொப் கட்டடக்கலை’ என்னும் நூலை வெளியிட்டார். இசைத்தட்டுக்களை இயக்குதல், தாளத்துக்கு இயையச் சொல்லடுக்கிக் கூறுதல், தரையிற் சுழன்றாடுதல், சுவரெழுத்து என்னும் நான்கினையும் உறுப்புக்களாகக் கொண்டு கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞரிடையே வளர்ந்த பண்பாடே ஹிப் ஹொப். அதிலிருந்து கட்டடக்கலை கற்றுக்கொள்ளத்தக்கது யாது என்பதே அந்நூல் எழுப்பும் வினா. கற்கத்தக்கது உண்டு என்பதே எமது கருத்துமாகும். ஆயின், அது வடிவத்தில் இல்லை, குடியிருந்தோர் கூறிய குறையிலேயே உள்ளது என்பதனை இக்கட்டுரை நிறுவ முயலும்.

முதற்கண் வரலாற்றைக் காண்போம். 1925 ஆம் ஆண்டில் லெ கொர்பூசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், பாரிசு நகரின் நடுப்பகுதியைப் பெரிதும் இடித்து, ஒரே தோற்றமுடைய 18 கோபுரங்களைப் பசும்புல்வெளியில் நிறுவும் திட்டமொன்றைக் காட்சிக்கு வைத்தார். பாரிசு அதனை ஏற்கவில்லை. ஆயினும், திறந்தவெளியிடையே தனித்து நிற்கும் தொடர்மாடிக் கோபுரம் என்னும் எண்ணம் கடல்கடந்து சென்று, அமெரிக்க நகரங்களில் வறியோர்க்கான வீடமைப்பின் பொதுவடிவமாயிற்று. எண்ணத்தோடு கூடியிருந்த வசதிகள் செலவு கருதிக் கைவிடப்பட்டன; கோபுரம் மாத்திரம் எஞ்சியது. நியூயோர்க்கிலே, மக்களால் எப்பதவிக்கும் தெரிவுசெய்யப்படாமலே பல பதவிகளை வகித்த றொபேட் மோசஸ், குடியிருப்புக்களை ஊடறுத்து நெடுஞ்சாலைகளை அமைத்தார். 1948 இல் தொடங்கிய குறொஸ் புரொங்ஸ் நெடுஞ்சாலையின் ஒரு மைல் நீளத்துக்கு மாத்திரம் 1,530 குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. தொழிற்சாலைகள் அகன்றன, காப்புறுதிப் பணத்துக்காகச் சில உரிமையாளர் தம் கட்டடங்களுக்குத் தாமே தீயிடுவித்தனர், நகராட்சியும் தன் பணிகளைக் குறைத்தது. எழுபதுகளில் தென் புரொங்ஸ் பகுதி பாழ்பட்டுக் கிடந்தது.

அக்காலத்திலே, 1973 ஓகஸ்ட் 11 ஆம் நாள், செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கத் தொடர்மாடியின் கீழ்த்தளப் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடைபெற்றது. சிண்டி காம்பெல் என்னும் மாணவி அதனை ஒழுங்கு செய்தார். கூல் ஹேர்க் எனப் பின்னர் பெயர்பெற்ற அவர்தம் தமையனார் கிளைவ் இசைத்தட்டுக்களை இயக்கினார். பாடலிலே குரல் ஓய்ந்து தாளம் மாத்திரம் ஒலிக்கும் சிறுபகுதியிலேயே ஆடுவோர் மிகுந்த களிப்படைவதை அவர் கண்டிருந்தார். ஆதலின், இசைத்தட்டுப் பொறிகள் இரண்டைக் கொண்டு அச்சிறுபகுதியை மாறிமாறி ஒலிக்கச்செய்து நீட்டிக்கும் முறையை அவர் உருவாக்கினார். பிறர் இசையைக் கேட்டற்கு அமைந்த பொறி, புதிய இசையை ஆக்குதற்குரிய கருவியாயிற்று. பின்னர் இளைஞர் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துப் பூங்காக்களிற் கூடினர். எதற்காகவோ பிறர் அமைத்த இடங்களை அவர்கள் தம் தேவைக்கு மாற்றியமைத்துக் கொண்டனர். வடிவமைப்பு என்பது இதுவேயன்றி வேறென்ன?

அவர்கள் மாற்றியமைத்ததோடு நில்லாது பேசவும் செய்தனர். 1982 இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ என்னும் பாடல், உடைந்த கண்ணாடி, நாற்றம் வீசும் படிக்கட்டு, ஓயாத இரைச்சல், எலி, கரப்பான் ஆகியவற்றிடையே வாழ்பவன் ஒருவனின் பொறுமை எல்லையைத் தொடுவதனை எடுத்துரைக்கின்றது. டெற்றொயிற் நகரைச் சேர்ந்த மைக்கல் போட் என்னும் கட்டடக் கலைஞர், இத்தகைய பாடல்களை, குடிபுகுந்த பின்னர் குடியிருப்போர் அளித்த ஆய்வறிக்கை எனக் கொள்வார். இக்கருத்து மிகப் பொருத்தமானது. கொர்பூசியே எண்ணினார், மோசஸ் கட்டினார், அதன் விளைவே ஹிப் ஹொப் என அவர் தொடுக்கும் காரணகாரியச் சங்கிலியோ சற்று எளிமை மிக்கது. 1520 ஆம் இலக்கக் கட்டடம் வறியோர்க்கான அரசாங்க வீடன்று. நடுத்தர வருவாயினர்க்காக அரசின் சலுகைபெற்றுத் தனியார் கட்டியது. ஒரு பண்பாட்டின் பிறப்புக்குச் சீமெந்தை மாத்திரம் காரணமாகக் கூறின், யமேக்காவிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒலிபெருக்கி மரபையும், அவ்விளைஞரின் அறிவையும் நாம் மறந்தவராவோம்.

கல்வித்துறையில் இக்கருத்துக்கள் படிப்படியாக இடம்பெற்றன. கிறெய்க் வில்கின்ஸ் 2000 ஆம் ஆண்டில் கட்டடக்கலைக் கல்விக்கென வெளிவரும் ஆய்விதழொன்றில் ஹிப் ஹொப்பின் இடவுணர்வைப்பற்றி எழுதினார். குக் 2015 இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திற் கருத்தரங்கொன்றைக் கூட்டினார். 2018 இல் நியூயோர்க்கிலே கண்காட்சி நடத்தினார். போட் தொடங்கிய முகாம்களிலோ சிறுவர் பாடல்களின் ஒலியமைதியைச் சிறு கட்டைகளால் அடுக்கிக் காட்டி, அவ்வடுக்கிலிருந்து கட்டட மாதிரிகளை ஆக்கப் பழகுகின்றனர்.

குக் தம் கண்காட்சியை அடையாளம், செய்முறை, தோற்றம் என மூன்றாக வகுத்தார். இவ்வகுப்பையே அளவுகோலாகக் கொண்டு இயக்கத்தின் பயனை மதிப்பிடலாம்.

மூன்றனுள் தோற்றமே வலிமை குன்றியது. சுவரெழுத்தின் முறுக்கிய எழுத்துக்களைப்போலச் சுவர்களையும் கூரைகளையும் முறுக்கி வரைவது கண்ணைக் கவரலாம். ஆயின், புகையிரதப் பெட்டியிலே இரவோடிரவாகத் தன் பெயரைத் தீட்டிய இளைஞனின் எழுத்துக்குப் பொருள் தந்தது, தன் பெயர் எங்கும் எழுதப்படாத நகரிலே அவன் அனுமதியின்றி அதனை எழுதினான் என்பதே. உரிமையாளரின் பணத்தினாலும் நகராட்சியின் அனுமதியினாலும் எழும் சுவரிலே அதே முறுக்கு வெறும் அணியாகின்றது. முகாம்களிற் பயிலும் முறைக்கும் இத்தடை ஓரளவு பொருந்தும். படிக்கட்டின் நாற்றத்தைக் கூறும் பாடலிலிருந்து எதுகையின் அடுக்கை மாத்திரம் எடுத்துக் கோபுரமாக்கின், ஓசை எஞ்சும், பொருள் போய்விடும். செய்யுளுக்குச் சீர் பிரித்து அலகிட்டபின் அதன் கருத்தை வினவாது விடும் ஆசிரியரை நாம் அறிவோம். இது அதனோடொக்கும். சிறுவரை இத்துறைக்கு ஈர்த்தற்கு முகாம்கள் செய்யும் பணி பாராட்டத்தக்கதே. ஆயின், ஓசைக்கு அடுத்த வகுப்பிலே பொருளும் கற்பிக்கப்படுதல் வேண்டும்.

செய்முறை இதனினும் ஆழமானது. பழைய இசைத்தட்டின் ஒரு கூற்றை எடுத்துப் புதிய இசையிற் பொருத்துவது ஹிப் ஹொப்பின் அடிப்படை. இதனைத் திருட்டென்போர் உளர். முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்த தமிழ் மரபில் வந்தோர்க்கு இது புதிய வினாவன்று. முன்னோன் நூலோடு பெரிதும் ஒத்துச் சென்று, தான் வேண்டும் வேறுபாட்டைப் புகுத்துவதே வழிநூல் என்பர் நன்னூலார். பாடகரான ஐஸ் கியூப், இசைத்துறையிற் புகழ்பெறுமுன் அரிசோனாவிற் கட்டட வரைகலை பயின்றவர். 2011 இல் வெளியான சிறு படமொன்றில், சாள்ஸ் ஈம்சும் ரே ஈம்சும் 1949 இற் கட்டிய வீட்டை அவர் புகழ்ந்தார். கடைச்சரக்காகக் கிடைத்த உருக்குப் பகுதிகளைக்கொண்டு அமைந்த அவ்வீட்டை ஹிப் ஹொப்பின் செய்முறையோடு அவர் ஒப்பிட்டமை, நூல்வழி வந்த பல ஒப்பீடுகளினும் கூர்மையானது.

ஆனால், வேறுபாடு எக்காரணம் பற்றியது என்பதை வினவாது விடலாகாது. வேர்ஜில் அப்லோ, மீஸ் வன் டெர் றோ வரைந்த வளாகத்தையுடைய இலினோய் தொழினுட்பக் கழகத்தில் 2006 இற் கட்டடக்கலை முதுமாணிப் பட்டம் பெற்றவர். 2018 இல் லூயி வித்தோன் நிறுவனத்தின் ஆடவர் ஆடைக்குத் தலைமை வடிவமைப்பாளரானவர். 2021 இல் மறைந்தார். 2017 இல் ஹாவாட் வடிவமைப்புப் பள்ளியில் உரையாற்றியபோது, முன்னுள்ள பொருளை நூற்றுக்கு 3 பங்கு மாற்றினாற் போதும் என்னும் தம் கொள்கையை விளக்கினார். மாணவரைப் பெரிதுங் கவர்ந்த கொள்கை அது. கூல் ஹேர்க் செய்த மாற்றமும் அளவிற் சிறியதே. ஆயின், அது கூடத்தில் ஆடுவோரை நோக்கிச் செய்யப்பட்டது. செல்வர் வாங்கும் பையிற் செய்யப்படும் 3 பங்கு மாற்றத்துக்கு அத்தகைய காரணம் உண்டா என்று வினவும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டாவிடின், கொள்கை வெறும் வணிக உத்தியாய்விடும்.

இனி அடையாளம். 1968 ஆம் ஆண்டிலே கறுப்பின மக்கள் தலைவர் விற்னி யங், போட்லண்ட் நகரிற் கூடிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் மாநாட்டில், மக்களுரிமைக்கு அத்துறை ஒன்றுஞ் செய்யாது வாளாவிருந்தமையை முகத்துக்கு நேரே கடிந்துரைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேற் கழிந்தும், அந்நாட்டில் அனுமதிபெற்ற கட்டடக் கலைஞருள் கறுப்பினத்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பேரே. 2013 இல் ஹாவாட்டின் கறுப்பின மாணவர் அழைப்பையேற்றுச் சென்ற பாடகர் கான்யே வெஸ்ற், வரைகூடத்து மேசைமீதேறி நின்று உரையாற்றினார். செய்தி எங்கும் பரவியது. மேசைமீது நிற்போரின் புகழால் அந்த 2 உயர்வதில்லை. கட்டணம், நீண்ட பயிற்சிக்காலம், தேர்வுகளின் செலவு, வழிகாட்டுவோரின்மை ஆகிய தடைகள் நீங்கினாலன்றி, ஹிப் ஹொப்பைப் பாடத்திட்டத்திற் சேர்த்தமை, வீட்டுக்காரரை வெளியே நிறுத்தி அவர்தம் பாட்டை உள்ளே ஒலிக்கச் செய்தது போலாகும்.

செட்ஜ்விக் அவெனியூத் தொடர்மாடியின் பிற்கால வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2007 ஆம் ஆண்டளவில் அதன் உரிமையாளர் வாடகைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தினின்றும் கட்டடத்தை விலக்க முயன்றபோது, குடியிருப்போர் ஒன்றுகூடி எதிர்த்தனர். அது ஹிப் ஹொப்பின் பிறப்பிடம் என்பதனையும் தம் வழக்குக்குத் துணையாகக் காட்டினர். கூல் ஹேர்க்கும் அவரோடு நின்றார். அங்கே ஹிப் ஹொப்பும் கட்டடமும் ஒன்றையொன்று சந்தித்த முறை எந்த வரைகூடத்துப் பயிற்சியினும் சிறந்த பாடமாகும். சுவர் எவ்வாறு முறுக்கப்பட்டது என்பது அங்கு வினாவாகவில்லை. சுவருக்குள் யார் தொடர்ந்து வாழலாம் என்பதே வினாவாயிற்று.

குக் தம் இயக்கத்துக்கு இறுகிய இலக்கணம் வகுக்க விரும்பாமை அறிவுடைமையே. இலக்கியம் வளர்ந்தபின்னரே இலக்கணம் தோன்றும் என்பதனை நாமும் அறிவோம். ஆயினும், பள்ளிகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க நெறியொன்று உண்டு. கட்டி முடித்துப் பத்தாண்டு கழிந்த வீடொன்றுக்கு மாணவரை அனுப்புக. அங்கு வாழ்வோர் கூறுவதையும் பாடுவதையும் எழுதி வரச் செய்க. அவர்களுள் இருவரை ஆசிரியர் குழுவிலே இருத்தி, மாணவரின் வரைபடத்தை அவர்களும் வினவ இடமளிக்க. ஹிப் ஹொப் தோன்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவ்வளவு காலமும் தொடர்மாடிகளிலிருந்து ஒலித்த குறையைக் கட்டடக்கலைப் பள்ளிகள் இப்போதே கேட்கத் தொடங்கியுள்ளன. கேட்டதை அணியாக அணியாது, விடையாக வரைவதே இனி அவற்றின் கடன்.