சாய்ந்த துணி, நேரான துணி

குருமாணவரின் வெள்ளை அங்கியைத்தான் பலரும் வியந்து பார்ப்பார்கள். என் கண் போவது, திருப்பட்டம் பெற்றவர் தோளில் அணியும் ஸ்டோல் என்ற நீண்ட துணியின் மேல். கை அகலம்கூட இல்லாத அதில் பல வருடப் பயணம் அடங்கியிருக்கிறது.

அந்தப் பயணத்தைச் செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அது 2002-இல் பிறந்தது. சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த இளைய மறைமாவட்டம். அதிலுள்ள கோவளம் கார்மேல் மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்து வளரும் பையன் ஒருவன் குருவாக நினைத்தால், மெய்யியலும் இறையியலுமாகக் குருமடத்தில் பல ஆண்டுகள் படிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி 23 வயது முடியாமல், குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டராக முடியாது. குருவாக 25 நிறைய வேண்டும்.

திருத்தொண்டர் ஆனதும் ஸ்டோல் அவர் தோளேறும். ஆனால் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குச் சாய்வாக. குறைந்தது ஆறு மாதம் அப்படித்தான்.

பிறகு குருப்பட்டம் பெறும் அந்த நாள். தரையில் முகம் பதியக் கிடந்தவர் எழுந்து ஆயர்முன் மண்டியிடுகிறார். ஆயர் மௌனமாகத் தலைமேல் கைகளை வைக்கிறார். ஆயரின் திருநிலைப்பாட்டு மன்றாட்டு முடிந்ததும் மூத்த குரு ஒருவர் அருகே வந்து, சாய்ந்திருந்த ஸ்டோலை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இரு முனையும் நேராகத் தொங்கும்படி போடுகிறார். சில நொடி வேலை. எனக்கு அந்தச் சடங்கிலேயே மிக அழகான நொடி அதுதான்.

பிறகு புதிய குருவின் உள்ளங்கைகளில் கிறிஸ்மா என்னும் புனித எண்ணெய் பூசப்படும்.