மார்கழித் தண்ணீருக்கு என்ன இரை?

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அந்த ஏழரை மாதத்தில் கடைசி ஆறு வாரங்கள்தான் காவிரிப் படுகையில் தூண்டில் போடுகிறவருக்கு வாய்த்த நல்ல காலம் என்பது என் எண்ணம். பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆடியில் புதுவெள்ளம் வரும்போது மதகுக்குக் கீழே முள்ளைப் போட்டவுடன் மீன் கடிக்கும். ஐப்பசி அடைமழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடக்கும்போது சிறுவன்கூட ஒரு பறி கெளுத்தியோடு வீடு திரும்புவான். உண்மைதான். ஆனால் அந்த மாதங்களில் மீனைக் கொண்டுவந்து கொடுப்பது வெள்ளம்; தூண்டில்காரர் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவே. மார்கழித் தண்ணீர் அப்படி வாரிக் கொடுக்காது. தன்னைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும் கொடுக்கும்.

டிசம்பர் பாதியில் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கல்லணைக்குக் கீழே பிரிந்து பிரிந்து ஓடும் ஆறுகளில் செங்கலங்கல் மெல்ல அடங்கும். வண்டல் படிந்து, முழ ஆழத்தில் மணல் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளியும். இரவில் காற்று 20, 21 டிகிரிக்கு இறங்கும். வடக்கத்தி ஆறுகளைப் பார்த்தவருக்கு இது குளிராகவே தோன்றாது. 30 டிகிரிக்கு மேல் காய்ந்த தண்ணீரில் கோடையைக் கழித்த மீனுக்கு இது குளிர்தான். மீனுக்குத் தனி உடற்சூடு கிடையாது, தண்ணீரின் சூடே அதன் சூடு. தண்ணீர் ஆறினால் செரிமானம் தாமதமாகும், பசி மட்டுப்படும், துரத்திப் பிடிக்கிற வேகம் குறையும். விடியற்காலையில் வந்து உட்கார்ந்து, கரைப்புல்லின் பனியில் வேட்டியை நனைத்துக்கொண்டு, தக்கை அசையவில்லையே என்று சலிப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்தவர்கள். மார்கழியில் ஒன்பது மணிக்கு மேல்தான் தண்ணீர் விழிக்கும்.

எந்தக் கரையில் உட்காருவது என்பதிலேயே பாதிக் கலை அடங்கியிருக்கிறது. படுகையின் ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நகர்கிறது. ஆகவே தென்கரை மரங்களின் நிழல் தென்கரைத் தண்ணீரிலேயே விழுந்து கிடக்கும். வடகரை ஓரத்துக்குப் பகல் முழுக்க வெயில் கிடைக்கும். வாடைக்காற்றும் வடக்கிலிருந்து வருவதால் வடகரை மேடு அதற்கு மறைப்பாக நிற்கும். வெயிலும் காற்றுமறைவும் சேர்ந்த அந்த ஆழமில்லாத ஓரத்துக்குத்தான் மீன் முதலில் நகரும். ஆற்றின் திசை, சூரியனின் சாய்வு, காற்றின் முகம் மூன்றையும் ஒரே பார்வையில் கூட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பாலத்தைக் கடந்து வடகரைக்குப் போய்க் குந்துகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கீதத்தில் ஒரு வித்வான் சுருதி சேர்க்கும் நேரத்திலேயே அவர் யார் என்று தெரிந்துவிடுவதுபோல, இடம் தேடுவதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

இனி இரை. மந்தமாக இருக்கும் மீன் எதற்காக வாயைத் திறக்கும்? அந்த வாரம் தண்ணீர் அதன் முன்னால் எதைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருக்கிறதோ அதற்காக. இரைத்தேர்வின் மொத்த சூட்சுமமும் இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரையை முடிவு செய்கிறவர் பாதி ஆட்டத்தைத் தோற்றுவிட்டுத்தான் கரைக்கு வருகிறார்.

மண்புழுவை எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் நாக்குப்பூச்சி என்பார்கள். ஐப்பசியில் வாழைக்கொல்லையிலும் எருக்குழியிலும் இருக்கிற புழுவை மழைநீர் அடித்துக்கொண்டுவந்து வாய்க்காலில் சேர்க்கும். கெண்டை, கெளுத்தி, ஆரல், குறவை எல்லாமே அப்போது புழுவுக்குப் பழகியிருக்கும். எந்த முள்ளில் கோத்தாலும் கடி உண்டு. மழை நின்று பதினைந்து நாள் ஆனால் தண்ணீரில் புழு வருவது நின்றுபோகும். அதற்குப் பிறகும் பழக்கத்தால் புழுவையே போட்டுக்கொண்டிருப்பவருக்குப் பொடிக்கெண்டையும் ஜிலேபியும் நுனியைக் கடித்துத் தின்றுவிட்டுப் போகும். (1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக்கு இந்தத் திருட்டில் உள்ள திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.) புழு இப்போது இரண்டே இடங்களில் பலிக்கும்: சாயங்காலம் மணல் அடியில் ஆரலுக்கு, எதிர்பாராமல் ஒரு மழை பெய்து ஓடை கலங்கிய மறுநாள் கெளுத்திக்கு.

தை பிறக்கும் முன்பே படுகையில் ஒரு பெரிய காரியம் நடக்கிறது. சம்பா கதிர் முற்றி, அறுவடைக்கு முன் வயலைக் காயவைக்க மடையைத் திறந்து தண்ணீரை வடிப்பார்கள். மாதக்கணக்கில் வயலில் நின்ற தண்ணீர் வடிகாலில் இறங்கும்போது வெறும் தண்ணீராக இறங்காது. நெல்லுக்கு நடுவே பிறந்து வளர்ந்த கெண்டைக்குஞ்சு, தலைப்பிரட்டை, நத்தை, சிறு நண்டு, வெட்டுக்கிளி என்று ஒரு பந்தியே சேர்ந்து வரும். அந்த மடைவாய்க்கு எதிரே, கோரைப்புல் ஒதுக்கில், ஒரு விரால் அசையாமல் நிற்கும். துரத்தத் தேவையில்லை, வாய்க்கு நேரே வருகிறது. குளிரில் மந்தமான மீன் தேடுகிற இடமும் இதைப்போன்ற ஒன்றுதானே.

அங்கே விரால் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே உள்ள காற்றறையை நிரப்ப அது அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். வாடை அடங்கிய நேரத்தில் தண்ணீர்மேல் ஒரு சிறு குமிழ் வட்டம் விரிந்து அடங்கும். அவசரப்படுகிறவர் அந்த வட்டத்தின் நடுவிலேயே முள்ளை எறிவார். விரால் வெருண்டு போய்விடும். அறிந்தவர் ஒரு பாகம் தள்ளி, தண்ணீர் வருகிற பக்கமாகப் போட்டு, ஓட்டமே இரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி விடுவார்.

இந்த இடத்துக்கான இரைகளில் என் மனத்துக்கு உகந்தது பிள்ளைப்பூச்சி. ஈரமண்ணில் வளை தோண்டி வாழும் பூச்சி. வரப்பை வெட்டும்போதும் வளையில் தண்ணீர் ஏறும்போதும் வெளியே வந்து, மண்வெட்டிபோல் அகன்ற முன்னங்கால்களால் நீந்தும். முள்ளைக் கழுத்துப்பட்டைக்குக் கீழே மேலாகக் கோத்தால் அது நெடுநேரம் உயிரோடு இருந்து தண்ணீர்மேல் கோடு கிழித்துக்கொண்டு போகும். அந்தக் கோட்டின் முனையில் தண்ணீர் திடீரென்று உள்வாங்கிச் சுழித்து, ஒரு கனத்த சத்தத்தோடு மூடிக்கொள்வதைப் பார்ப்பதற்காகவே நான் மார்கழியை விரும்புகிறேன். இழுக்க அவசரப்படக் கூடாது. விரால் இரையை வாயில் வைத்துக்கொண்டு சற்று நின்று, திருப்பி விழுங்கிய பிறகுதான் நகரும். நரம்பு மெல்ல ஓடத் தொடங்கும்போது ஒரு சுண்டு.

உயிர்க்கெண்டை இரண்டாவது. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் தோலில் மட்டும் முள்ளை நுழைக்க வேண்டும். முதுகெலும்பைத் தொட்டால் குஞ்சு செத்து வெறும் சதையாகிவிடும். பழைய ஆட்கள் தவளைக்குஞ்சைப் போடுவார்கள், விரால் அதை விடவே விடாது. எனக்கு அதில் விருப்பமில்லை. வயலில் பூச்சி தின்று நெல்லைக் காப்பது தவளை. பிடித்துப் பிடித்து அருகிப்போனதால்தான் இந்தியா 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியையே தடை செய்தது. இப்போது கடையில் கிடைக்கும் ரப்பர் தவளை அல்லி இலைமேல் வழுக்கிக்கொண்டு போவதில் உயிர்த்தவளைக்கு அதிகம் குறைந்ததல்ல. வெயில் ஏறிய பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இழுத்தால் போதும்.

மழைக்காலம் கடந்தும் சில விரால்கள் குஞ்சோடு திரியும். செம்பு நிறத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் தண்ணீர்மேல் கொதித்துக்கொண்டு நகரும். தாயும் தகப்பனும் அடியில் காவல். அந்த நேரத்தில் என்ன போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதற்கு இரைத்தேர்வும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். காவல் போன மறுகணமே குஞ்சுகளைக் குறவையும் கெளுத்தியும் தின்று தீர்க்கும். அந்த விராலை எடுக்கிறவரை நான் தூண்டில்காரராக எண்ணுவதில்லை.

தக்கையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிளாஸ்டிக் தக்கை வந்துவிட்டது. இருந்தும் நெட்டித்தண்டோ மயில் இறகின் காம்போ தருகிற நுட்பம் அதில் இல்லை. மார்கழியில் கடி அவ்வளவு மெலிது. கெண்டை விட்டுவிட்டுத் தட்டும். கெளுத்தி தக்கையைச் சாய்த்து இழுத்துக்கொண்டே போகும். ஆரல் ஒரு கனத்தைக் கட்டியதுபோல் மெல்ல அமுக்கும். பனையேறிக் கெண்டை வெடுக்கென்று உள்ளே கொண்டுபோய் உடனே விட்டுவிடும். மீனைக் காணும் முன்பே பெயரைச் சொல்லிவிடுகிற கரைக்காரர்கள் படுகையில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். குளிர்காலத்துக்கு முள்ளும் சிறுக்க வேண்டும். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறுக்கும்; ஐப்பசியில் 6-ஆம் எண்ணில் பிடித்த கெண்டைக்கு மார்கழியில் 12 சரியாக இருக்கும். ஈயத்தையும் பாதியாகக் குறைத்துவிடலாம்.

கட்லா, ரோகு, மிருகால் ஆகியவற்றுக்குப் பொட்டுக்கடலை மாவும் தவிடும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை. கட்லா மேல்தண்ணீரிலும் ரோகு நடுவிலும் மிருகால் அடியிலும் மேயும் என்பதை நினைவில் வைத்துத் தக்கையை ஏற்றி இறக்கினால் போதும். பெரிய மீன்தான், ஆனால் எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. உருண்டையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் தண்ணீரோடு பேச்சு இல்லை. இரவில் கோழிக்குடல் போட்டுக் கெளுத்தி பிடிப்பவர்களும் உண்டு. அதன் மீசை இருட்டில் மணத்தையும் சுவையையும் அறியும், குடல் வாடை தெளிந்த தண்ணீரில் நெடுந்தூரம் போகும். தேளியும் அதே இரைக்கு வரும். அதன் செவுளோரத்து முள்ளில் நஞ்சு; கையால் பிடிக்கக் கூடாது.

கிழக்கே கடற்கரை நோக்கிப் போகப்போக ஆட்டமே மாறுகிறது. பழையாற்றருகே கொள்ளிடம் கடலில் சேரும் முகத்துவாரத்தில் மழைக்காலம் முழுக்க ஆற்றுநீரே மேலோங்கி இருக்கும். மார்கழி கடைசியில் ஆற்றுவரத்து குறைய, உப்பு மெல்ல உள்ளே ஏறும். அந்த மாறுதல் நடக்கும் வாரங்களில்தான் கொடுவாய்க்குக் குறிவைக்க வேண்டும். இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தச் சிறு வற்றமே கழிகளிலிருந்து இறாலையும் மடவைக்குஞ்சையும் வெளியே இழுத்துவரப் போதுமானது. பழுப்பு நிற ஆற்றுநீரும் பச்சை நிறக் கடல்நீரும் ஒன்றையொன்று தொடுகிற கோடு கண்ணுக்கே தெரியும். கொடுவா கோட்டின் தெளிந்த பக்கத்தில் நின்று, கலங்கல் பக்கத்திலிருந்து தடுமாறி வருவதைப் பிடிக்கும்.

இங்கே இரை உயிர் இறால், வேறில்லை. தலைக்கொம்பின் அடியில், உள்ளே கறுப்பாகத் தெரிகிற புள்ளியைத் தொடாமல் முள்ளை நுழைத்தால் இறால் உயிரோடு துடுப்படிக்கும். வாலில் கோப்பவர்களும் உண்டு. வற்றம் வேகமாக ஓடும்போது அப்படிக் கோத்த இறால் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். முள்ளுக்கு மேலே ஒரு முழம் தடித்த நரம்பு கட்டாயம் வேண்டும். கொடுவாயின் செவுள் மூடி விளிம்பு அவ்வளவு கூர்மை. தலையை உதறும் ஒரே உதறலில் மெல்லிய நரம்பு அறுந்துபோகும். கொடுவா ஆணாக முதிர்ந்து, பெருத்தபின் பெண்ணாக மாறுகிற இனம். ஆகவே மிகப்பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். நடுத்தர மீனை வைத்துக்கொண்டு பெரியதைத் தண்ணீரிலேயே விடுவிப்பவர்கள் இப்போது பெருகி வருவது மகிழ்ச்சி. அணைக்கரையை ஒட்டிய கொள்ளிடப் பகுதியில் மீன்பிடிக்க நினைப்பவர் தண்ணீருக்குள் இறங்கி நிற்க வேண்டாம். அங்கே முதலைகள் உண்டு. அவையும் வெயில் காயக் கரையேறும் பருவம் இதுதான்.

ஜனவரி 28-க்குப் பிறகு மேட்டூர்த் தண்ணீர் நிற்க, சில நாட்களில் படுகையின் ஆறுகள் ஓட்டம் இழக்கும். மணல் திட்டுகள் எழும்பி, வளைவுகளிலும் நீரொழுங்கிகளுக்குக் கீழேயும் மடுக்கள் மட்டும் மிஞ்சும். மீனெல்லாம் அவற்றில் ஒடுங்கும். ஓட்டம் இல்லாததால் இரையைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாரும் இல்லை. மேலே மிதக்கும் பூச்சி பலிக்காது. அடியில் கிடக்கும் நத்தைச் சதைக்கும் மண்புழுவுக்கும் மறுபடி மவுசு வரும். முதல் சில நாட்கள் விலாங்குக்கு அருமையானவை: மாலை மங்கிய பிறகு, மதகின் கல் இடுக்கை ஒட்டி, ஈயம் இல்லாமல், ஒரு கொத்துப் புழு. மாசி வெயில் மடுவைக் காய்ச்சத் தொடங்கியதும் வலைக்காரர்கள் வந்துவிடுவார்கள்.