முற்றுகைக்குள் ஒரு ராக் கச்சேரி

1995இல் போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் 'ராக் அண்டர் தி சீஜ்' என்ற பெயரில் ஒரு கச்சேரி நடந்தது. ஏற்பாடு செய்தது ரேடியோ ஸித் என்ற உள்ளூர் வானொலி. மேடையேறியவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். போர்முனையில் காவல் நின்றுவிட்டு வந்த சிப்பாய்களும் அவர்களில் உண்டு. அந்தக் குழுக்களின் பாட்டுகள் பிறகு ஒரு தொகுப்பாகவும் வெளியாயின. அவர்களுடைய துணிச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். ட்ரம்ஸ் எப்படி ஒலித்தது, பாட்டு வரிகள் தேறினவா என்பதைப் பற்றி ஒரு பத்தி கிடைப்பது அரிது.

போருக்குள் வாழும் இளைஞர்களின் இசையை நாம் கேட்கும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. அந்த இசைக்கு உண்மையான வலிமை உண்டு. ஆனால் நாம் வேறெங்கோ தேடிப் போய்ப் புகழ்ந்துவிட்டு வருகிறோம். முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டதால் சரயேவோவைச் சற்றுத் தள்ளி நின்று எடைபோட முடிகிறது.

மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஊர் அது. 1984இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது உலகம் ரசித்த அதே மலைகளில்தான் எட்டு ஆண்டுகள் கழித்து போஸ்னிய செர்பியப் படை பீரங்கிகளை ஏற்றியது. 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி இறுதியில்தான் முடிந்தது. 1,425 நாட்கள். முற்றுகை தொடங்கி இருபது ஆண்டுகள் நிறைந்தபோது, இறந்தவர்களுக்காகப் பிரதான வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். ஆட்கள் உட்காராத நாற்காலிகள்.

அதற்கு முன்பு யூகோஸ்லாவிய ராக் இசையின் தலைநகரங்களில் ஒன்றாக அந்த ஊர் இருந்தது. பியெலோ துக்மே போன்ற பெருங்குழுக்கள் அங்கே பிறந்தவை. போர் மூண்டதும் அந்த மூத்த தலைமுறை சிதறியது. பியெலோ துக்மேயின் கோரன் பிரெகோவிச் பாரிசில் தங்கினார். ஸாப்ரான்யெனோ புஷென்யே என்ற குழுவோ இரண்டாகவே பிளந்தது. ஒரு பாதி பெல்கிரேடில், மறு பாதி ஸாக்ரெப்பில். உள்ளூர் இசைத்தட்டு நிறுவனமான டிஸ்கோட்டோனின் ஒலிநாடாக் கருவூலம் அழிந்தது. பெல்கிரேடிலும் ஸாக்ரெப்பிலும் இருந்த பெரிய நிறுவனங்கள் எதிர்ப் பக்கத்திலோ எட்டாத தூரத்திலோ போய்விட்டன. சொல்லித்தர மூத்தவர் இல்லை, விற்றுத்தரக் கம்பெனி இல்லை, போட்டிக்கு ஆள் இல்லை. வீரக் கதைகளில் அதிகம் வராத இந்த வெற்றிடம்தான் அந்த இளைஞர்களின் இசையைத் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். குண்டைவிடக்கூட அதிகமாக.

மின்சாரம் பெரும்பாலும் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் என்றால் பெட்ரோல் வேண்டும். கள்ளச்சந்தையில் அதன் விலை யானை விலை. சிப்பாய்க்குச் சம்பளமாக சிகரெட் தந்த காலம் அது. சரயேவோ புகையிலைத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது, உறைக்குத்தான் தாள் இல்லை. பாடப்புத்தகப் பக்கங்களில் சுற்றிய சிகரெட்டே கையில் புழங்கும் காசு. ஊரடங்கு இருந்ததால் கச்சேரி இரவுக்கு முன்பே முடிய வேண்டும். இடம் நிலவறையாக இருப்பதே உத்தமம். ஒத்திகைக்குப் போகும் வழியில் மலையிலிருந்து துப்பாக்கி பார்த்துக்கொண்டிருக்கும். காலையில் தண்ணீர்க் குடம் சுமந்த கைதான் மாலையில் கிட்டார் பிடித்தது.

இப்படிப்பட்ட இடத்தில் ஓர் இளைஞன் என்ன பாடுவான்? பிணத்தையும் பீரங்கியையும்தான் என்று வெளியிலிருப்பவர் எதிர்பார்ப்பார். சிக்தெர், ப்ரோடெஸ்ட் போன்ற குழுக்கள் தேர்ந்துகொண்ட ஓசையோ அமெரிக்க, பிரிட்டிஷ் மாற்று ராக்கின் ஓசை. ஆங்கிலத்தில் பாடியவர்களும் உண்டு. சண்டை வராதிருந்தால் அந்த வயதில் எதை வாசித்திருப்பார்களோ அதையே வாசித்தார்கள். இதே ஊரில் நாட்டுப்பற்றுப் பாடல்களுக்குக் குறைவில்லை. போர்க்காலத் தேசிய கீதத்தை எழுதியவரே டீனோ மெர்லின் என்ற பிரபல பாடகர்தான். நிலவறைப் பையன்கள் அந்தத் தடத்தை அவ்வளவாக நாடவில்லை.

இந்த இசையின் முதல் வலிமை இங்கேதான். முற்றுகை ஓர் ஊரின் மீது திணிப்பது சாவை மட்டுமா? பேச்சு முழுவதையும் தன்னைப் பற்றியதாக்கிவிடும். தண்ணீர் எங்கே வரும், எந்தத் தெருவில் சுடுகிறார்கள், மாவு வந்ததா? இதைத் தவிர வேறொன்றைப் பற்றி இரண்டு மணி நேரம் யோசிக்கவைப்பது சிறிய காரியமில்லை. 'ஹேர்' என்ற அமெரிக்க இசைநாடகத்தை முற்றுகையின் முதல் ஆண்டிலேயே கமெர்னி 55 அரங்கில் போட்டார்கள். வியட்நாம் போருக்கு இழுக்கப்படும் இளைஞர்களின் கதை. பார்க்க வந்தவர்களிலும் சீருடைக்காரர்கள் இருந்தார்கள். தப்பித்தல் என்று இதைச் சொல்பவர் சொல்லட்டும். தப்பிக்க வழியே இல்லாத ஊரில் அது வசையல்ல.

இரண்டாவது வலிமை அறைக்குள் கூடிய கூட்டம். போஸ்னியாக், செர்ப், குரோட் என்ற மூன்று இனத்தாரும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியாது என்பதே மலைமேல் இருந்தவர்களின் வாதம். அதற்கு மறுப்பாக யாரும் அறிக்கை விடத் தேவைப்படவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களின் பெயர்களை அழைத்தாலே போதும், மூன்று இனமும் அதில் தெரியும். இதையும் மிகைப்படுத்தக் கூடாது. போர் நீள நீள அந்தக் கலப்பு கரைந்துகொண்டே வந்தது. ஒரு கச்சேரி அதைத் தடுக்கவில்லை. இருந்தவர்களை இருந்தவரை சேர்த்துவைத்தது, அவ்வளவே.

இனி குறைகள். முதற்குறையைத் தயக்கமின்றிச் சொல்லலாம்: கேட்டவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். செத்துவிடக்கூடிய நண்பனிடம் 'உன் இரண்டாவது பாட்டு இழுக்கிறது' என்று யார் சொல்வார்? விமர்சனம் இல்லாத இடத்தில் கலை நின்ற இடத்திலேயே நிற்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ராக் ஓசையைப் பல பையன்கள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். அதைத் தன் ஊர் மண்ணில் புரட்டிப்போட அவகாசமோ ஆசிரியரோ இல்லை. பக்கத்திலேயே செவ்தா என்ற பழம்பாடல் மரபு இருந்தது. ஏக்கமும் காதலும் ஊறிய நகரத்து இசை. கிழவர்களின் சரக்கு என்று அந்த வயதில் அதை ஒதுக்கியது இயல்புதான். ஆனால் வளமான விளைச்சல் பின்னாளில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. முற்றுகைக் காலத்தில் பதின்வயதில் இருந்த டாமிர் இமாமோவிச், செவ்தா பாடகர் ஸாயிம் இமாமோவிச்சின் பேரன், அந்த மரபையே எடுத்து இன்றைய காதுக்குப் பாடுகிறார். போர் பற்றிய முன்னுரை இல்லாமலே அவரைக் கேட்க முடிகிறது.

இரண்டாம் குறை, போர் இளைஞர்களைக் கலைஞராக்கும்போது அவர்களை நல்லவர்களாகவும் ஆக்கிவிடும் என்ற நம் எண்ணம். முற்றுகையிட்ட பக்கத்திலும் பாடினார்கள். அவர்கள் தலைவர் ரடோவான் கராஜிச் கவிதை எழுதுபவர், குஸ்லே என்ற நாட்டு நரம்பிசைக் கருவி வாசிப்பவர். பாவேல் பாவ்லிகோவ்ஸ்கியின் 1992 ஆவணப்படத்தில் அதைப் பார்க்கலாம். அதே போரில் செர்பியச் சீருடை அணிந்த சில இளைஞர்கள் அக்கார்டியனும் டிரம்பெட்டும் வைத்துக்கொண்டு கராஜிச்சைப் போற்றி ஒரு பாட்டை வீடியோவாக எடுத்தார்கள். துள்ளலான மெட்டு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச்சில் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், காரில் போகும்போது ஒலிக்கவிட்ட பாட்டு அது. அதைப் பாடியவர்களும் போருக்குள் வாழ்ந்த இளம் இசைக்காரர்கள்தாம். இளமை, ஆபத்து, கிட்டார் மூன்றும் சேர்ந்தால் மேன்மை என்ற கணக்கு அங்கே உடைகிறது. யாருக்காக, யாருக்கு எதிராகப் பாடினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாம் குறையும் அந்த இளைஞர்களுடையது இல்லை, நம்முடையது: மனிதரைச் சின்னமாக்கிவிடுவது. சரயேவோ என்றதும் உலகத்துக்கு நினைவு வருபவர் செல்லோ கலைஞர் வெட்ரான் ஸ்மைலோவிச். 1992 மே 27 அன்று ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள்மீது குண்டு விழுந்தது. அதன்பின் அவர் தெருவில் உட்கார்ந்து அல்பினோனியின் அடாஜியோவை வாசித்தார். (அந்த இசை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் ரெமோ ஜியாசோட்டோ எழுதியது, அதைச் சொன்னால் கதையின் அழகு குறையும் போலும், யாரும் சொல்வதில்லை.) ஸ்மைலோவிச் ஓபராவில் தேர்ந்த கலைஞர், அப்போது முப்பதுகளின் நடுவயதில் இருந்தார். 2008இல் ஒரு கனடிய எழுத்தாளர் இந்தக் கதையை நாவலாக்கியபோது, தன்னைக் கேளாமல் தன் வாழ்க்கையை எடுத்துக்கொண்டதாக ஸ்மைலோவிச் கொதித்தார். நியாயமான கோபம். அவர் மனிதர் என்பது மறந்து சின்னமாகிப் போயிருந்தார்.

1993 கோடையில் யூ2 என்ற ராக் குழு தன் பிரம்மாண்டக் கச்சேரிகளின் நடுவே செயற்கைக்கோள் வழியாகச் சரயேவோவை நேரலையில் காட்டியது. லண்டன் வெம்ப்ளி கச்சேரியில் திரையில் தோன்றிய இளம்பெண்கள் கூட்டத்திடம் நேராகவே சொன்னார்கள்: நீங்கள் எதுவும் செய்யப்போவதில்லை, உங்கள் ராக் நிகழ்ச்சிக்குத் திரும்பிவிடுவீர்கள், எங்களை மறந்துவிடுவீர்கள் என்ற பொருளில். அந்த நேரலைகள் விரைவில் நிறுத்தப்பட்டன. போர்க்கால இசையைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்த விமர்சகரும் எழுதவில்லை. நேரலையின் நோக்கத்தில் பழுது காண்பது எளிது. ஆனால் அந்தப் பெண்கள் பேச மேடை கிடைத்ததே அதனால்தான் என்பதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். யூ2 1997 செப்டம்பரில் சரயேவோவின் கோஷெவோ அரங்குக்கு நேரில் வந்து பாடியது. சிக்தெரும் ப்ரோடெஸ்ட்டும் அதற்கு முன்பாக மேடையேறின.

வந்துபோனவர்களை ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 1994 ஜூனில், எரிந்துபோன தேசிய நூலகத்தின் இடிபாட்டில் நம் சுபின் மேத்தா மொசார்ட்டின் ரெக்வியத்தை நடத்தினார். உலகத் தொலைக்காட்சிக்கு மறக்க முடியாத காட்சி. அதே ஆண்டு டிசம்பரில், அப்போது அயர்ன் மெய்டன் குழுவை விட்டு விலகியிருந்த பாடகர் புரூஸ் டிக்கின்சன் ஒரு லாரியில் மலைப்பாதை வழியாக உள்ளே வந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஹெவி மெட்டல் பாடினார். எனக்கு இரண்டாவதே உயர்ந்தது. முதலாவது சரயேவோவைப் பற்றியது; இரண்டாவது சரயேவோவுக்காக நடந்தது. துக்கம் கொண்டாட அந்தப் பிள்ளைகளுக்கு ஆள் தேவைப்படவில்லை. நல்ல கச்சேரி ஒன்று தேவைப்பட்டது. இருபது ஆண்டு கழித்தும் அதை ஓர் ஆவணப்படமாக எடுக்கும் அளவுக்கு ஊர் அதை நினைவில் வைத்திருந்தது.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 'முறியாத மனவலிமை' என்ற படம் வெளியுலகத்துக்கு வசதியாக இருந்தது. பாடுகிறார்கள், நாடகம் போடுகிறார்கள், 1993 மேயில் நிலவறையில் அழகிப் போட்டிகூட நடத்துகிறார்கள். அப்படியானால் இன்னும் கொஞ்ச காலம் தாங்குவார்கள். அந்தப் போட்டியின் பெண்கள் 'எங்களைக் கொல்ல விடாதீர்கள்' என்று எழுதிய பதாகையைத்தான் பிடித்து நின்றார்கள். படம் பரவியது, பதாகைக்குப் பதில் வரவில்லை. 1995 ஆகஸ்ட் 28 அன்று மார்காலே சந்தையில் இரண்டாம் முறை குண்டு விழுந்து 43 பேர் இறந்தார்கள். நேட்டோவின் பெரும் விமானத் தாக்குதல் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கச்சேரிகளால் முற்றுகை ஒரு நாள்கூடக் குறையவில்லை. குறைக்கும் என்று அந்த இளைஞர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. அந்தச் சுமையை அவர்கள் தலையில் வைத்தது நாம்.

ஆக என் தீர்ப்பு இது. அந்த இசையின் பெறுமதி பெரும்பாலும் அந்த அறைகளுக்குள் அந்த மணிநேரங்களில் செலவாகிவிட்டது. அப்படிச் செலவானதே அதன் வெற்றி. பதிவாக மிஞ்சியதில் சில நன்று, பல சுமார். அதைச் சொல்வது அவமரியாதையல்ல. மற்றெந்த ஊர் இருபது வயதுக் குழுவுக்கும் இதே கணக்குத்தான். இன்று கார்கிவிலிருந்தோ காஸாவிலிருந்தோ சூடானிலிருந்தோ ஓர் இளைஞனின் பாட்டு உங்களிடம் வந்தால், அந்தப் பாட்டுக்கு மேலே எழுதியிருக்கும் விளக்கத்தைப் படிக்காமல் ஒருமுறை கடைசிவரை கேளுங்கள். பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். பிடிக்காவிட்டால் எங்கே பிடிக்கவில்லை என்று அவனுக்கே எழுதுங்கள். அவனிடம் அதைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது.