கயாக் வாங்கும் முன் வளவை அளந்து பாருங்கள்

சல்லியில் கயாக் வாங்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். கடல் எல்லாருக்கும் ஒன்றுதான். படலையின் அகலம், விறாந்தையின் நீளம், பின்னேரத்தில் எந்தச் சுவரில் நிழல் விழுகிறது என்பவை வீட்டுக்கு வீடு வேறு. வாங்கிய படகு தண்ணீரில் மிதக்கும் நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் உங்கள் வளவில் கிடக்கப் போகிறது. அதனால் மூன்று வகைச் சின்னப் படகுகளைச் சல்லிக் கரையில் ஓட்டிப் பார்த்ததோடு நிற்காமல், அவற்றை வீட்டில் வைத்தும் பார்த்தேன். பாதிப் புள்ளியை ஓட்டத்துக்கும் பாதிப் புள்ளியை வைப்புக்கும் கொடுத்திருக்கிறேன்.

இடத்தைத் தெரியாதவர்களுக்காக: திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போனால், உப்புவெளி தாண்டி, சாம்பல்தீவுப் பக்கமாகக் கடலோரத்தில் இருக்கிறது சல்லி. முத்துமாரியம்மன் கோயிலால் ஊரை வெளியே அறிவார்கள். முன்னால் திறந்த வங்காள விரிகுடா, அருகிலேயே களப்பு. வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இல்லாத கடல் இது. ஐரோப்பியக் கயாக் புத்தகங்களில் பாதியைத் தின்னும் வற்றுப்பெருக்குக் கணக்கு இங்கே தேவையில்லை. தேவைப்படுவது காற்றுக் கணக்கு. சித்திரைக்குப் பிறகு கடல் இறங்கும், ஐப்பசியில் வாடை தொடங்கினால் தை வரைக்கும் கயாக்கைக் கரைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலம் அது அசையாமல் வீட்டில் கிடக்கும்.

முதலில் ஊதும் கயாக். இந்த வகையில் பலரும் கேள்விப்பட்டது இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2. 3.12 மீட்டர் நீளம், இரண்டு பேர், 180 கிலோ வரை தாங்கும் என்பது நிறுவனக் கணக்கு. நான் ஓட்டியது அதே அளவில் வேறொன்று. மடித்தால் ஒரு பையில் அடங்கும், மோட்டார் சைக்கிளில் பின்னால் கட்டிக்கொண்டு கரைக்குப் போகலாம், அறையில் அலுமாரிக்கு மேலே வைக்கலாம். வைப்புக்கு இதைவிட லேசானது உலகத்தில் இல்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். மணல்தான் அந்த நம்பிக்கையைக் குலைத்தது. சல்லி மணல் மெல்லியது. தளத்துக்கும் பக்கக் குழாய்க்கும் இடையிலுள்ள மடிப்புக்குள் புகுந்தால் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் கொஞ்சம் மிஞ்சும். அதோடு மடித்து வைத்தால் அடுத்த முறை விரிக்கும்வரை மணல் உள்ளே இருந்து தேய்த்துக்கொண்டே இருக்கும். முழுக்கக் காயாமல் மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், காயவென்று வெயிலில் ஊதியபடி விட்டால் உள்ளே காற்று விரிந்து தையல் விடும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி, காற்றைப் பாதி இறக்கி, நிழலில் காயவைத்து, மடிப்புகளைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஓட்டியதைவிடக் கூட நேரம் இதற்குப் போகும். பைக்குள்ளே மீன்வாசம் ஒட்டியிருந்தால் எலியும் வரும்.

தண்ணீரிலும் இதற்கு ஒரு பெரிய குறை. எடை இல்லாததால் மேலே மிதக்கிறது, மேலே மிதப்பதால் காற்று பிடிக்கிறது. களப்புக்குள் கரையோரமாகப் போக நல்லது. அங்கேயும் கண்டல் வேரையும் சிப்பி ஒட்டிய கல்லையும் பார்த்துப் போக வேண்டும். கடலுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். கச்சான் காலத்தில் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மடிக்கும் கயாக்கே வேண்டாம் என்பதல்ல. ஜேர்மனியின் கிளெப்பர் 1907இலிருந்து மரச்சட்டத்தில் துணி போர்த்த மடிப்புப் படகுகளைச் செய்கிறது. அப்படி ஒன்றில் ஹான்னெஸ் லிண்டெமான் என்ற மருத்துவர் 1956இல் அத்திலாந்திக்கைத் தனியே கடந்தார், 72 நாள். ஆனால் அவர் வீட்டு முற்றத்தில் சல்லி மணல் இருக்கவில்லை.

இரண்டாவது, மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் முன்னால் மஞ்சளும் சிவப்புமாகக் கிடப்பவை இவைதான். பொலிஎதிலீன் தூளை அச்சுக்குள் போட்டுச் சுழற்றிச் சூடாக்கி ஒரே ஓடாக வார்ப்பார்கள், பொருத்து எதுவும் இருக்காது. அளவுக்கு ஒரு உதாரணம்: ஓஷன் கயாக்கின் மலிபு டூ, 12 அடி, ஏறக்குறைய 26 கிலோ. உள்ளே புகுந்து உட்காரும் கயாக் கரையுடையும் அலையில் நிரம்பினால் வெளியே இறைக்க வேண்டும். இதில் தட்டின் துளைகள் வழியே தண்ணீர் தானாக இறங்கிவிடும். கவிழ்ந்தால் புரட்டிவிட்டு, வயிற்றால் ஏறி, திரும்பி உட்காரலாம். சல்லிக் கரைக்கு வேறு தகுதி தேடத் தேவையில்லை. வேகம் குறைவு, நேராகப் போக மறுக்கும், உட்காரும் இடம் எப்போதும் ஈரம். இவையெல்லாம் பொறுக்கக்கூடியவை.

இதன் உண்மையான பலவீனத்தைக் கடை சொல்லாது. வெடித்தால் ஒட்டாது. பொலிஎதிலீனில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும், அதைச் சுத்தமாகச் செய்பவர் அருமை. இதற்கு மாறாக, ஃபைபர் போட்டில் துளை விழுந்தால் இந்தக் கரையோரத்தில் எந்த வாடியிலும் பாயும் பிசினும் வைத்து அடைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. காரைநகரில் 1967இல் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் காலத்திலிருந்து ஃபைபர் எங்கள் கடற்தொழிலாளர் கைக்குப் பழகிய பொருள். பிளாஸ்டிக் கயாக் பழகவில்லை. அதனால் அதைப் பழுதாக்காமல் வைப்பதுதான் ஒரே வழி.

பருவ முடிவில் விடுதிகள் பழையதை விற்பதுண்டு. வாங்கப் போனால் நிறத்தைப் பார்க்காதீர்கள். கவிழ்த்துப் போட்டு, பின்பக்க அடிவிளிம்பைப் பாருங்கள். மணலில் இழுத்தே தேய்த்திருப்பார்கள். வடிகால் துளைகளின் உட்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். தள்ளுவண்டியின் கம்பி குத்திய கீறல் அங்கேதான் தொடங்கும். பிறகு தட்டில் உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் வந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது, விட்டுவிடுங்கள். எல்லாம் நன்றென்றால் மூடியைத் திறந்து உள்ளே நாலு வாளி தண்ணீர் ஊற்றி, எங்கேயாவது கசிகிறதா என்று வெளியே பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு விடைதான்.

இனி வைப்பு. கயாக்கின் அடி தரையில் பட வைத்தால் அதன் எடையும் வெயிலின் சூடும் சேர்ந்து அடியில் பள்ளம் விழுத்தும். நுனிக் கைபிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் நடு வளையும். கவிழ்த்தோ, பக்கவாட்டில் சாய்த்தோ, இரண்டு இடத்தில் தாங்கி வைக்க வேண்டும். இரண்டு நுனியிலிருந்தும் நீளத்தின் கால்பங்கு உள்ளே தாங்கி வரவேண்டும். 12 அடிக்கு மூன்று மூன்று அடி விட்டால், தாங்கிகளுக்கு இடையே ஆறு அடி. நான் செய்தது பனைச் சலாகையில் இரண்டு கால், குறுக்கே சைக்கிள் ரியூப் சுற்றிய மரம். கட்டுவதற்குத் தும்புக்கயிறு வேண்டாம், அராவும். பழைய வாகனக் கடைகளில் கழற்றிப் போட்ட சீட் பெல்ட் வாங்கிக் கொள்ளுங்கள். அகலமான நாடா, வெட்டாது, உப்புக்கும் தாக்குப்பிடிக்கும்.

எந்தச் சுவர் என்பதில் வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் வடக்குச் சுவர் என்கின்றன, நிழல் அங்கேயாம். திருகோணமலை எட்டரைப் பாகை வடக்கே கிடக்கிறது. சித்திரை நடுவிலிருந்து ஆவணி நடுவரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கும். கயாக் அதிகம் வெளியே கிடக்கும் அதே மாதங்களில், அதே கடும் வெயிலில், வடக்குச் சுவர் வெயில் வாங்கும். கிழக்குச் சுவர் நல்லது. காலை வெயில் மட்டும் படும், பின்னேர வெயிலை வீடே மறைக்கும். வாடை தொடங்கும்போது மட்டும் கயாக்கை வீட்டின் மேற்குப் பக்கம் மாற்றிவிடுங்கள். தென்னைக்குக் கீழே எந்தப் பருவத்திலும் வேண்டாம். ஒரு தேங்காய் போதும்.

மேலே போர்த்தத் தறப்பாள் எடுத்துச் சுற்றிக் கட்டுகிறவர்களே அதிகம். அது உள்ளே சூட்டையும் ஈரத்தையும் அடைத்து வைக்கும். கயாக்குக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு நாலு கிடுகை வரிந்து சாய்ப்பு இறக்குங்கள். காற்றும் போகும், வெயிலும் படாது, பழையதானால் இரண்டு வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். மூடியை இறுக்கிப் பூட்டாமல், வாயில் நுளம்புவலைத் துண்டு ஒன்றைக் கட்டி விட்டால் உள்ளே புழுங்காது, மட்டத்தேளும் குடிவராது.

கட்டி வைப்பது தனிக்கதை. என் சட்டத்தைப் பார்த்த அயலில் உள்ள ஒரு சம்மாட்டி, “தம்பி, வடிவாத்தான் செய்திருக்கிறியள். ஆனா நிலத்தோட கட்டேல்லை. வாடைக்கு இது உங்கட கூரைக்கு மேல கிடக்கும்” என்றார். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியபோது காற்று மணிக்கு 80, 90 கிலோமீட்டர். 26 கிலோ வெற்று ஓடு அந்தக் காற்றுக்கு ஒரு பொருட்டல்ல. மணல் நிலத்தில் அடித்த முளை நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, பெல்ட்டின் நுனியைக் கோர்த்து, இடுப்பளவு குழியில் புதைக்கச் சொன்னார். அணியப் பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இன்றுவரை அசையவில்லை.

மூன்றாவது பாய்ப்படகு. பார்த்தது பழைய லேசர் ஒன்று. 1969இல் கனடாவின் புரூஸ் கேர்பியிடம் காரின் கூரையில் ஏற்றிப்போகக்கூடிய படகு ஒன்று கேட்டார்கள், அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே கிறுக்கிய வரைபடம்தான் பிறகு லேசர் ஆனது. 1996இலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது, இப்போது இல்கா என்கிறார்கள். 4.2 மீட்டர், ஓடு மட்டும் 59 கிலோ. பாய்மரம் இரண்டு துண்டு, கழற்றினால் எந்தத் துண்டும் நாலு மீட்டரைத் தாண்டாது, விறாந்தைக் கூரைக்கடியில் செருகிவிடலாம். பாயை மடிக்கக்கூடாது, ஒரு பிவிசி குழாயில் சுற்றி வைக்க வேண்டும். இவ்வளவும் வீட்டுக்கு ஏற்றதே. ஆனால் 59 கிலோவை மணலில் தனியாள் நகர்த்த முடியாது. சைக்கிள் சில்லுப் பூட்டிய வண்டி சல்லி மணலில் அச்சுவரை புதைந்தது. அகலமான காற்று ரயர் வேண்டும், அல்லது இரண்டாவது ஆள் வேண்டும்.

பழைய லேசரில் பார்க்க வேண்டிய இடம் பாய்மரம் நிற்கும் குழி. மணல் உள்ளே விழுந்து, மரம் திரும்பத் திரும்ப அரைத்துக் குழியின் அடி தேய்ந்திருக்கும். குழியை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் ஓட்டுக்குள் போகிறது. ஃபைபர் என்பதால் அடைக்கலாம், பேரம் பேசவும் அது உதவும். நான் பார்த்ததில் இறங்கியது. அடைத்த பிறகு ஓட்டினோம். களப்பு வாயருகே மெல்லிய காற்றில் ஒரு மாலை ஓட்டினால் கயாக் மறந்துவிடும், அதை மறைக்க மாட்டேன்.

இப்போது கச்சான். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து தரை தாண்டி வரும் வறண்ட காற்று. தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரத் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும், புதியவருக்கு இதைவிட நல்ல நாள் இல்லை என்று தோன்றும். வெளியே போகப் போகக் காற்று கூடும், அலை எழும், முதுகில் தள்ளும். திரும்பும்போது அத்தனையும் முகத்துக்கு எதிரே. கிழக்கே அடுத்த நிலம் நிக்கோபார் தீவுகள். ஊதும் கயாக்கைக் கடலுக்கு வேண்டாமென்றது இதற்குத்தான். பிளாஸ்டிக் கயாக்கிலும் கச்சான் நாளில் கரைக்குச் சமாந்தரமாக மட்டும் போங்கள், முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், மார்பளவுத் தண்ணீரைத் தாண்ட வேண்டாம். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், கயாக்கில் கட்டியிருந்து பயனில்லை. தெற்கே துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம். அந்தத் திசையில் துடுப்பைப் போடும் எண்ணமே வேண்டாம். வடக்கே புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே இறங்க முடியாது.

கரையில் இரவுக்கு விட்டுவிட்டு வரலாமே என்று கேட்கலாம். அந்த மணல் வெறும் மணல் அல்ல, கரைவலைப் பாடு. விடியற்காலையில் வலை இழுக்க வருகிறவர்களின் கயிற்றுக்குக் குறுக்கே உங்கள் மஞ்சள் கயாக் கிடந்தால், அவர்கள் நகர்த்தும் விதத்தைப் பற்றி முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமையில்லை. எங்கே இறக்கலாம், எங்கே ஏற்றலாம் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். காட்டித் தருவார்கள்.

என் தெரிவு பிளாஸ்டிக் கயாக்தான், 12 அடிக்குள், கிழக்குச் சுவரில் பதின்மூன்று அடி இடம் இருந்தால் மட்டும். அந்த இடம் இல்லாதவர் வாங்காமல், களப்பில் வாடகைக்கு எடுத்து ஓட்டட்டும். மாடிவீட்டில் இருக்கிறவர் ஊதும் கயாக் வாங்கலாம், நல்ல தண்ணீர்க் குழாயும் நிழலான மொட்டைமாடியும் இருந்தால். லேசர் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர் பக்கத்து வீட்டாரோடு கூட்டாக வாங்கட்டும். தூக்க இரண்டாவது ஆள் அப்படித்தான் கிடைக்கும்.